இடது பின்வீலில் கேட்ட தட்டு

1. தப்பான நட்டு

ஏழுமலை எங்கள் வீல் கடைக்கு முதன்முதலில் வந்தபோது அவருடைய ஜீப்பின் இடது பின்வீலில் இரண்டு நட்டு இல்லை. மீதியிருந்தவற்றை ஸ்பானர் போடாமல் கையாலேயே திருகி எடுத்தேன். நொச்சிக்குப்பத்திலிருந்து ராயப்பேட்டை வரை அந்த வீல் கழன்று ஓடாமல் வந்தது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அது அவருடைய தம்பி துரை வாங்கிய ஃபோர் வீல் டிரைவ் ஜீப். மணலில் இறக்கி ஃபைபர் படகுகளை மேலே இழுப்பதற்காக அகலமான டயரும் வெளியில் வாங்கிய அலாய் வீலும் போட்டிருந்தான். முந்தின மழைக்காலத்தில் கடலுக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. அதன்பிறகு அண்ணன் ஓட்டுகிறார். விடிந்ததும் படகு இழுப்பார், அப்புறம் இரண்டு பெண்பிள்ளைகளையும் அதிலேயே ஸ்கூலில் கொண்டுபோய் விடுவார்.

கோளாறு எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. வீல் மாற்றியவர்கள் கம்பெனி நட்டையே திரும்பப் போட்டிருந்தார்கள். கம்பெனி நட்டின் அடிப்பாகம் உருண்டையாக இருக்கும், அதற்குப் பெயர் பால் சீட். இந்த அலாய் வீலின் ஓட்டையோ கோன் சீட், புனல் மாதிரி சரிந்திருக்கும். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. எத்தனை பலமாக முடுக்கினாலும் ஒரு மெல்லிய வளையத்தில்தான் பிடித்திருக்கும், ஆட ஆட விட்டுவிடும்.

இதையெல்லாம் நான் விளக்கும்போது ஏழுமலை காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நான் முடித்ததும் தணிந்த குரலில் சொன்னார்.

"நட்டு லூசாவும்போது தட்ற சத்தம் கேக்குதுண்ணே. ரெண்டு தட்டு. தொரை அப்டித்தான் தட்டுவான்."

படகை இழுக்கும்போது துரை ஜீப்பின் பின்னால் இடது ஓரத்தில் தொங்கிக்கொண்டே வருவானாம். பாடியில் ஒரு தட்டு தட்டினால் போகலாம், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். அதனால் துரைதான் வந்து வீலைக் கழற்றுகிறான், அண்ணனைக் கூப்பிடுகிறான் என்று குப்பத்தில் பேச்சு. லூசான வீல் சத்தம் போடத்தான் செய்யும், இடது பக்க நட்டுதான் சீக்கிரம் இளகும், பேயைக் கூப்பிடாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்று கிண்டலாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

2. உப்புக்காற்றுக்கு எந்த நட்டு

வீலுக்கு டிசைன் பார்க்க அரை நாள் செலவழிப்பவர்கள், நட்டு என்றால் "ஏதோ ஒண்ணு போடுங்க" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டியே நிற்பது அதன்மேல்தான்.

ஏழுமலைக்குப் பளபளவென்று குரோம் நட்டு வேண்டியிருந்தது. பெரும்பாலான குரோம் நட்டு, இரும்புமேல் மெல்லிய தகடு மூடியது. கடல் தண்ணீர் உள்ளே இறங்கினால் துரு பிடித்து உப்பிவிடும், அப்புறம் எந்த ஸ்பானரும் ஏறாது. அலுமினிய நட்டு கலர் கலராக இருக்கும், உப்பில், நட்டு ஏறுகிற ஸ்டட் போல்ட்டோடு இறுகிப்போய் ஸ்டட்டையே முறித்துக்கொண்டு வரும். ஜிங்க் கோட்டிங் கொடுத்த, ஒரே துண்டாக அடித்த ஃபோர்ஜ்டு ஸ்டீல் நட்டை எடுத்தேன். கோன் சீட், வாய் மூடிய மாடல், உள்ளே மணல் போகாது. மரை ஸ்டட்டுக்குச் சரியாக இருக்கிறதா என்று கையாலேயே முழுதும் ஏற்றிப் பார்த்தேன். பிறகு ஒன்றுக்கு எதிர் ஒன்றாக முடுக்கி, அளவான இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்சில் 'டக்' என்று கேட்கும்வரை வைத்தேன். ஒரு வாரம் ஓட்டிவிட்டு மறுபடி முடுக்க வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

3. நடுப்பகலில்

சொன்ன நாளுக்கு முன்பே ஏழுமலை வந்துவிட்டார். முகத்தில் ரத்தமில்லை. அவர் மனைவி தேவகி அந்த ஜீப்பில் ஏறமாட்டேன் என்று ஆட்டோவில் பின்னாலேயே வந்திருந்தார். மறுபடி தட்டு கேட்கிறதாம்.

என் நட்டு இளகாது என்று எனக்கு வீம்பு. ஓட்டுங்கள், நானே கேட்கிறேன் என்று பின்னால் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். கடற்கரைச் சாலையில் நல்ல வெயில், கூட்டமில்லை. கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை. பிறகு என் முதுகுக்குப் பின்னால், தகரத்தில், இரண்டு தட்டு. இடைவெளி விட்டு மறுபடி இரண்டு.

லூசான வீல் என்றால் சுற்றுக்கு ஒருமுறை அடிக்க வேண்டும், வேகத்தோடு கூடிக் குறைய வேண்டும். இது அப்படி இல்லை. நிறுத்தச் சொன்னேன். வண்டி நின்று இஞ்சினும் அணைந்த பிறகு இன்னொரு முறை கேட்டது. சூடான தகரம் ஆறும்போது சத்தம் வரும் என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கு அதைச் சொல்லப் பக்கத்தில் ஆளில்லை.

இறங்கிப் பார்த்தால் நான்கு நட்டு விரலுக்கே சுழன்றது.

அங்கேயே ஜாக்கி போட்டு வீலைக் கழற்றினேன். வீல் உட்காரும் ஹப்பின் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் எழுத்து, மேலே குங்குமம். அதை எடுக்கக் கை நீட்டினேன். எங்கள் பின்னாலேயே வந்த ஆட்டோவிலிருந்து இறங்கிய தேவகி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அத்த எடுக்காதண்ணா. எடுத்தா தொரை இவர இட்டுனு பூடுவான்."

புது நட்டு போட்ட மறுநாளே தேவகி யாரோ ஒரு மந்திரவாதியிடம் தகடு வாங்கி வந்திருக்கிறார். சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் வைத்தால்தான் கட்டு நிற்கும் என்று அந்த ஆள் சொன்னாராம். பஞ்சர் கடைப் பையனை வீட்டுக்கு வரவழைத்து உள்ளே வைத்துவிட்டார், கணவருக்குத் தெரியாது. பிள்ளைகள் இரண்டு பேரும் இதில்தானே போகிறார்கள் என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

தகட்டைக் காட்டி விளக்கினேன். செம்பு மெத்தென்ற உலோகம். முடுக்கும்போது இறுக்கமாகத் தெரியும், ஓட ஓட நசுங்கி மெலியும், அந்த அளவுக்கு நட்டு இளகும். இன்னும் இரண்டு நாள் ஓட்டியிருந்தால் வீல் தனியாகப் போயிருக்கும் என்றேன்.

ஏழுமலை மனைவியைத் திட்டவில்லை. தேவகி நசுங்கிய தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு எங்கள் இருவரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"அப்ப அவன் கயட்டல. நிறுத்த சொல்லித்தான் தட்டிக்கினு இருந்தான். நான் போயி அவனயே கட்டிப் போடப் பாத்தேனே."

தகட்டை அவரே உரித்தெடுத்தார். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வீலை மாட்டினேன். திரும்பும்போது தேவகி ஆட்டோவை அனுப்பிவிட்டு ஜீப்பில் ஏறினார். பின்னால், இடது பக்கம்.

4. என்னால் செய்ய முடியாதது

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது சிலதுதான். முதலில் நட்டு உட்காரும் சீட்டைப் பார், அப்புறம் மரை, அதற்கப்புறம்தான் அழகு. ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் பெயின்ட்கூட தடிப்பாக இருக்கக்கூடாது. கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடி முடுக்காமல் விடாதே. சத்தம் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதே, முதலில் வண்டியை நிறுத்தச் சொல். கேட்பது நட்டா, வேறெதாவதா என்பதை நின்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்த வருஷ மழைக்காலம் முடிந்து ஏழுமலை தனியாக வந்தார். டார்க் ரெஞ்ச் வைத்ததும் 'டக்' என்றது, ஒரு நட்டுகூட அசையவில்லை, துருவும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் கிளம்பாமல் இடது பின் தகரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப சத்தமே இல்லண்ணே."

நல்லதுதானே என்றேன்.

"ஒரே ஒரு நட்ட மட்டும் கொஞ்சம் லூசா வுட முடியுமா?"

பிள்ளைகள் போகிற வண்டி, முடியாது என்று நட்டைப் பார்த்தபடியே சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

சந்து முனையில் குறுக்கே யாரும் வரவில்லை. ஆனாலும் ஜீப் நின்றது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அவர் இடது கண்ணாடியைப் பார்த்துக் காத்திருந்தார். நான் டார்க் ரெஞ்சைக் கையில் பிடித்தபடி, போகச் சொல்லும் அந்த ஒரு தட்டு எனக்காவது கேட்கிறதா என்று நின்றேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் நகர்ந்தார்.