எடுப்பது நான்

திலகா அக்கா காலமான செய்தி வந்தபோது, அவர் எடுத்த காணொளி ஒன்றின் முதல் பன்னிரண்டு நொடிகளை நான் வெட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. செபராங் ஜெயாவில் வேலை முடிந்து வந்த அப்பா, காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். டிங்கிக் காய்ச்சலோடு நான்கு நாள் மருத்துவமனையில் இருந்த அக்கா மதியம் போய்விட்டார் என்றார். என் விரல் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டது. வெட்டியாகிவிட்டது என்று திரை சொன்னது.

நம் வாசகர் வட்டத்தில் அவரை அறியாதவர்கள் இல்லை. பட்டர்வொர்த்தில் கப்பல் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. வாரம் முழுவதும் ஃபெர்ரியில் போய் வருவார். ஞாயிறானால் கேமராவோடு நம் மண்டபத்துக்கு வந்துவிடுவார். மண்டப வாசலில் நிறுத்தப்படும் கார்களோடு அவருக்கு நிரந்தரச் சண்டை. ஒவ்வொரு பதிவையும் ஒரே மாதிரிதான் தொடங்குவார். இடம், நாள், பேசுபவர் பெயர், பிறகு "எடுப்பது நான். ஆரம்பிக்கலாம்." தன் பெயரை மட்டும் சொல்லவே மாட்டார்.

பன்னிரண்டு வயதில் நான் காணொளிகளைத் தளத்தில் ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். தொடக்கத்திலேயே பார்ப்பவர்கள் ஓடிவிட்டால் தேடலில் நம் காணொளி கீழே போய்விடும் என்று எங்கோ படித்திருந்தேன். அக்காவின் முன்னுரைதான் அவர்களை விரட்டுகிறது என்று அவரிடமே சொன்னேன்.

"என் குரல வெட்டினா மேல ஏறுமா?" என்றார்.

"ஏறும்க்கா."

"அப்ப வெட்டு லா. அழகான குரலா என்ன?"

பழையவற்றையும் சேர்த்து வெட்டினேன். மெமரி கார்டுகளை அவர் அழித்து மறுபடி பயன்படுத்துவார். எனவே மூலம் எதுவும் மிஞ்சவில்லை.

அவருடைய இன்னொரு வழக்கமும் எனக்கு வீண்வேலையாகத் தெரிந்தது. காணொளிக்குக் கீழே நிமிடவாரியாக நடந்ததையெல்லாம் எழுதுவார். 'நீலச் சட்டைக்காரர் சிரித்துக்கொண்டே பாடுகிறார், மூக்குக் கண்ணாடி நழுவுகிறது' என்ற அளவுக்கு எழுதுவார். ஒருநாள் சுங்கை பாக்காப்பிலிருந்து ஓர் அண்ணன் மண்டபத்துக்கே வந்தார். இறந்துபோன தன் அப்பா எப்போதோ இங்கே பாடியதாகக் கேள்விப்பட்டு, பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. அப்பா வழக்கமாகப் போடுவதை நினைத்து 'நீலச் சட்டை, பாட்டு, பினாங்கு' என்று தேடியதும் வந்துவிட்டதாம். அவர் போனபின் அக்கா என்னைப் பார்த்து, "தேடி வர்றவங்க எந்த வார்த்தைய கையில வெச்சிட்டு வருவாங்கன்னு யோசிக்கணும்" என்றார். நான் தலையாட்டினேன். யோசிக்கவில்லை.

பிறகு தேடும் கருவிகள் வேகமாக வளர்ந்தன. முதலில் தலைப்பையும் கீழே எழுதியிருப்பதையும் மட்டும் பார்த்தவை, பிறகு படத்தில் இருப்பதைப் பார்த்தன. நம் மக்கள் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசும் தமிழ் முதலில் அவற்றுக்குப் பிடிபடவில்லை. இந்த ஆண்டு அதுவும் பிடிபட்டது. காணொளிக்குள் பேசிய சொல்லைத் தட்டினால் அந்த நொடிக்கே கொண்டுபோய் விட்டன. இனி நீங்கள் எதையும் எழுத வேண்டியதில்லை என்று அக்காவிடம் துள்ளிக்கொண்டு சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே எழுதினார்.

துக்க வீட்டில் அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை ஆண்டுகளில் அவருடைய யாழ்ப்பாணத் தமிழ் மாறவே இல்லை. "படம் வேண்டாம் பிள்ளை. எனக்குக் கண் வடிவாத் தெரியாது. அவள் கதைக்கிறது ஏதும் இருக்கோ?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்பும் பழக்கமே கிடையாது. எல்லாவற்றையும் எழுதித்தான் அனுப்புவார். கேமராவில் அவர் பேசியதையோ நான் வெட்டியிருந்தேன்.

அன்றிலிருந்து பள்ளி விட்டு வந்ததும் தேடினேன். 'திலகா' என்று போட்டால் யார் யாரோ வந்தார்கள். 'எடுப்பது நான்' என்று தேடவே இல்லை, வெட்டியவளே நான்தானே. அவர் இடையில் சொல்லியிருக்கக்கூடிய 'நன்றி', 'மைக்', 'உட்காருங்கள்' என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். உட்கார முடியாமல் எழுந்து நடந்தேன், மறுபடி வந்து தட்டினேன். புத்தகம் திறந்தாலும் ஒரே பக்கத்தில் நின்றேன். பதினாறாம் நாள் நெருங்கியது. ஒரு மாலை, அக்கா சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அக்காவைத் தேடுகிறவள் எந்த வார்த்தையோடு வர வேண்டும்? காரை அவர் எப்போதும் மலாயில்தான் சொல்வார். 'கெரேத்தா' என்று தட்டினேன்.

ஒன்று வந்தது. பத்து வயதில் நான் கலந்துகொண்ட பேச்சுப் போட்டி. மூன்றாவது வாக்கியத்திலேயே மறந்துபோய் நின்ற அவமானம் அதில் இருப்பதால், நான் திறக்காமல், வெட்டாமல் விட்ட ஒரே காணொளி.

திறந்தேன். "பேசுபவர் நான்காம் ஆண்டு மாணவி. எடுப்பது நான். ஆரம்பிக்கலாம்." பிறகு என் மூன்று வாக்கியங்கள். பிறகு அமைதி. வாயைத் திறந்தபடி நிற்கிறேன். வெளியே ஒரு கார் ஹாரன், ஒரே ஒரு முறை, சின்னதாக. உடனே கேமராவுக்குப் பின்னாலிருந்து அக்கா.

"அண்ணே, யாரோட கெரேத்தா அது? கொஞ்சம் நிப்பாட்டுங்க லா. பிள்ள பேசுது."

நான் பேசவில்லை. மறந்து நின்றேன். நடுவர்கள் எல்லாரும் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த இடைவெளியில் எனக்கு அடுத்த வரி ஞாபகம் வந்து தொடர்கிறேன். ஆறு வருடமாக என் தவறு மட்டும்தான் எனக்கு நினைவிருந்தது.

பதினாறாம் நாள் கைப்பேசியை அக்காவின் அம்மா காதருகே வைத்தேன். திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்தாவது முறை சிரித்தார். "அந்தக் காருக்கு நல்லாய்க் குடுத்தாள்," என்றார்.

இப்போது அந்தக் காணொளிக்குக் கீழே எடுத்தவர் பெயரை எழுதிவைத்திருக்கிறேன். 'திலகா' என்று தேடினால் அவர் வருகிறார். ஆனால் அவர் குரல் இருக்கும் இந்த ஒரு காணொளி எனக்குப் போதவில்லை. உங்கள் கைப்பேசிகளில் நம் மண்டபத்தில் எடுத்தது ஏதாவது இருந்தால், பின்னணியில் கேட்கும் சத்தத்தையும் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள். இப்போது ஞாயிறுகளில் கேமராவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன். இடம், நாள், பேசுபவர் பெயர், என் பெயர் எல்லாம் சொல்லித்தான் தொடங்குகிறேன், எதையும் வெட்டுவதில்லை. போன வாரம் ஒரு சிறுவன் பாதியில் மறந்து நின்றான். வெளியே காரே இல்லை. நான் வாசல் பக்கம் திரும்பி, "அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க லா" என்றேன்.