நடுவில் ஒரு சிவப்பு வரிசை

மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் பக்கத்து நாற்காலிக்காரியின் மடியைப் பார்த்து, கணக்குப் பிரிவு அக்காதான் பேச்சை ஆரம்பித்தார்.

"இதென்ன, போர்வையா?"

"ஆமாக்கா."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கா? ஒல்லிக்குச்சிக்கு எதுக்கு இவ்வளவு பெருசு?"

"கை கால் நீட்டிப் படுப்பேன்க்கா."

அக்கா ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டார் என்று சொல்ல முடியாது. "நல்லாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடேன். சும்மாதானே உக்காந்திருக்க."

"அதுக்கென்னக்கா, போட்டுட்டாப் போச்சு. நூல் மட்டும் நீங்க வாங்கிட்டு வந்துடுங்க. எழுநூத்துப் பதினாறாம் நம்பர் சாம்பல். உங்க நிறத்துக்கு அதுதான் எடுப்பா இருக்கும். வேற நம்பர் வாங்கிடாதீங்க, துவைச்சா சுருங்கிடும்."

"எங்க கிடைக்கும்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல நூல்கடை இருக்குல்ல, அங்க. வரல, அடுத்த வாரம் வரும்னு சொல்லுவார். விடாம கேளுங்க."

அக்கா உள்ளங்கையில் நம்பரை எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் நான் கேட்டேன்: "அப்படி ஒரு நம்பர் இருக்கா?"

"அறுநூத்து நாப்பதோட முடிஞ்சுடுது," என்றாள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "கடைக்காரருக்கும் தெரியும். பாவம், முகத்தைச் சாதாரணமா வெச்சுக்கத்தான் கஷ்டப்படுறார்."

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கழுத்தில் ஒரு கயிற்றில் மடக்குக் கத்தரிக்கோல் தொங்கும். வாயும் அதே ரகம். ஆனால் அந்த வாயை வேலை நேரத்தில் திறக்க முடியாது. ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் பழுதுபார்க்கும் நிறுவனத்தில், போனில் புகார் கேட்கும் எட்டுப் பேரில் அவள் ஒருத்தி. பேசுவதெல்லாம் பதிவாகும். கடிதத்தில் வரும் புகார்களுக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியிலும் பதில் எழுதுவது என் வேலை. அவளுக்கு அடுத்த நாற்காலி எனக்கு.

ஒருநாள் முழுக்க அவள் காதுக்குள் என்ன போகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். முட்டாளே என்பார்கள். உனக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்பார்கள். அவள் தேன் மாதிரிக் குரலில், "புரியுது சார், உங்க சிரமம் எனக்குப் புரியுது," என்பாள். மேசைக்கு அடியில் குரோஷா ஊசி அதே நேரத்தில் நூலைக் கொக்கி போட்டு இழுத்துக் கழுத்தை நெரிக்கும். இதற்குப் பெயர்தான் சும்மா உட்கார்ந்திருப்பது.

ஆரம்பத்தில் சூப்பர்வைசர் தடுத்தார். வேலை நேரத்தில் கையில் ஊசி கூடாது என்றார். சரி சார் என்று பையை ஓரமாக வைத்துவிட்டாள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. தண்ணீர் ஒழுகும் மெஷினுக்காகக் கத்திய ஒருவரிடம், "ஒழுகுதுன்னா ஒரு வாளி வைங்க, என்னை ஏன் சார் கழுவுறீங்க?" என்று அதே தேன் குரலில் கேட்டுவிட்டாள். மறுநாள் நூல் பையைச் சூப்பர்வைசரே எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார். வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டேன். "நான் ஏன் அப்படிச் செய்யப்போறேன்?" என்றாள். பதில் அதுவல்ல என்று இருவருக்கும் தெரியும்.

அவள் கை எதையும் விட்டுவைக்காது. கிழிந்த குடைத் துணி பையாகும். சட்டைப் பொத்தான்கள் கம்மலாகும். பழுதான ரிமோட்டின் ரப்பர் பட்டன்களை வைத்து அச்சு செய்து காகிதத்தில் பூக்கள் பதிப்பாள். இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் ஒலியை அடைத்துவிட்டு, என் பக்கம் சாய்ந்து ஏதாவது சொல்வாள். "லிஃப்ட்டுக்குள்ள இருக்கிற கண்ணாடி, நாம எல்லாரும் போனப்புறம் எதைப் பாத்துட்டு இருக்கும்?" என்பாள். இன்னொரு நாள், "திட்டுறவங்கள்ல பாதிப் பேருக்கு ஃப்ரிட்ஜ் மேல கோபமே இல்ல. வேற யாரையோ திட்ட முடியாம சேத்து வெச்சது, நமக்கு டெலிவரி ஆகுது," என்றாள்.

இந்தப் போர்வை நீல நிறம். எல்லா வரிசையிலும் ஒரே எண்ணிக்கையில்தான் கண்ணிகள். ஆனால் கோபம் வந்த நாளில் கை இறுக்கும், கண்ணி சிறுக்கும், வரிசை குறுகும். விடுமுறை முடிந்து வந்த நாளில் கை தளரும், வரிசை அகலும். அதனால் போர்வையின் ஓரம் நேராக இல்லை, வளைந்து வளைந்து போகும். பிரித்துச் சரிசெய்யலாமே என்றதற்கு, ஒடுங்கிய ஓரிடத்தைக் காட்டினாள். "இது வெயில் காலம். ஊர்ல இருக்கிற ஃப்ரிட்ஜ் எல்லாம் ஒண்ணா படுத்துடுச்சு. இதைப் பிரிச்சா அத்தனை பேர்கிட்டயும் திட்டு வாங்கினது வீணாயிடும்."

அவள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அண்ணனும் அண்ணியும். டிவி இருக்கும் முன்னறையில் அம்மாவும் இவளும். அந்த வீட்டுத் திரைச்சீலை, மெத்தை உறை, டிவி மேல் விரிப்பு எல்லாம் இவள் செய்தவை. இவள் அம்மாவுக்குப் பின்னிய ஸ்வெட்டர் சித்தி வீட்டுக்குப் போனது. சித்தி அதைத் தன் சம்பந்திக்குக் கொடுத்தார். "கைவேலை தெரிஞ்ச பொண்ணு, இன்னொண்ணு போட்டுப்பா," என்பது அந்தக் குடும்பத்தின் ஒப்புதல் முத்திரை. அவள் போர்த்திக்கொண்டு படுப்பதோ நூல் வெளியே வந்த ஒரு பழைய விரிப்பை. தனக்கென்று அவள் பின்னத் தொடங்கிய முதல் பொருள் இந்த நீலப் போர்வை. கேட்டவர்களை எல்லாம் எழுநூற்றுப் பதினாறு என்று சொல்லி நூல்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அந்தத் தந்திரத்தில் ஒரே ஓட்டைதான். கேட்கிறவனிடம் மட்டும்தான் அது செல்லும். அண்ணன் கேட்கவில்லை.

அவன் கட்டடச் சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறான். மேலே ஓர் இடம் காலியாகப் போகிறது என்று சில மாதங்களாக அந்தக் கிடங்கின் மேனேஜரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். மேனேஜர் புது வீட்டுக்குக் குடிபோனார். அவள் அப்போதுதான் பின்னி முடித்து வீட்டில் வைத்திருந்த போர்வையை இவன் மடித்து, பளபளக்கும் காகிதம் சுற்றி, எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். மாலை வேலையிலிருந்து போனவள் அலமாரிக்குக் கீழே கையை விட்டுத் துழாவியிருக்கிறாள். பை இருந்தது, போர்வை இல்லை. அன்று நடந்த பேச்சை மறுநாள் காலை ஒரு சொல் விடாமல் என்னிடம் சொன்னாள்.

"எங்கண்ணா என் போர்வை?"

"மேனேஜர் சாருக்குக் கொடுத்தேன். அவங்க வீட்டம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உன்னைப் பத்தி நல்லாச் சொன்னாங்க."

"என்னைக் கேட்டியா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? உன் கையிலதானே இருக்கு, இன்னொண்ணு பின்னிக்கோ."

"உனக்கும்தான் ரெண்டு கை இருக்கு. நீ ஏதாவது பண்ணிக் கொடுத்திருக்க வேண்டியதுதானே?"

அம்மா குறுக்கே வந்தார். "அண்ணன்தானே எடுத்தான், அடுத்த வீட்டுக்காரனா எடுத்தான்? ஒரு நூல்துணிக்குப் போய் இந்தக் கத்துக் கத்துற."

"அவனோட பைக்கை நான் எடுத்து எங்க சூப்பர்வைசருக்குக் கொடுத்துட்டு வரட்டுமா?"

"பைக்கும் இதுவும் ஒண்ணா?" என்று அண்ணன் சிரித்தானாம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. வேறு யாரும் கவனிக்கக் கூடாது என்று, அழைப்பில் இருப்பதுபோல ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள்.

அண்ணி அந்த வீட்டில் அதிகம் பேசாதவர். பாத்திரம் கழுவிக்கொண்டே, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, யாரையும் பார்க்காமல் சொன்னாராம்: "பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி. பச்சை கேட்டு. முதல் மாடி."

அன்று மாலை என்னையும் கூட வரச் சொன்னாள். "நீ பேச வேண்டாம். பக்கத்துல நின்னாப் போதும்." பேருந்தில் திட்டம் சொன்னாள். ஓரம் இன்னும் முடிக்கவில்லை, கடைசி முடிச்சுப் போடவில்லை, துவைத்தால் பிரிந்துவிடும், முடித்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவது. "அப்புறம் கேட்டா, அந்த நூல் வரல, அடுத்த வாரம் வரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது.

மேனேஜரின் மனைவி கதவைத் திறந்தார். நல்ல மாதிரியான பெண்தான். யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து உள்ளே அழைத்தார். "நீங்கதானா? உங்க அண்ணன் சொன்னார், தங்கச்சி சும்மா இருக்கிற நேரத்துல பின்னுவான்னு. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க, ரெண்டு நாற்காலிக்கும் சரியா வந்துடுச்சு."

முன்னறையில் எதிரெதிரே இரண்டு சாய்வு நாற்காலிகள். இரண்டின் மேலும் நீலம். போர்வையைக் குறுக்கே வெட்டி, வெட்டிய விளிம்பு பிரியாமல் இருக்கக் கறுப்பு நூலால் மெஷின் தையல் போட்டிருந்தார்கள். ஒன்று காலியாக இருந்தது. மற்றதில் மேனேஜர் சாய்ந்து உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கத்திரி அந்தக் கறுப்புத் தையலைப் பார்த்தாள். பேருந்தில் சொன்ன எந்தச் சொல்லும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

"இது என்னோடது மேடம். என் அண்ணன் என்னைக் கேக்காம எடுத்துட்டு வந்துட்டான். எனக்குத் திருப்பி வேணும்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. "கொடுத்த பொருளைத் திருப்பிக் கேக்குறதா?"

"நான் கொடுக்கல."

"வெட்டியாச்சேம்மா. இதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க? வேணும்னா இது இங்கயே இருக்கட்டும், நூலுக்கு ஆகுறதை நாங்க…"

"நூலுக்கு இல்ல மேடம். அது நான் போத்திக்கப் பின்னினது."

"இன்னொண்ணு பின்னிக்க முடியாதா?"

எழுநூற்றுப் பதினாறு என்று சொல்வதற்கு ஏற்ற இடம் அதுதான். நான் காத்திருந்தேன். அவள், "முடியும். பின்ன மாட்டேன்," என்றாள்.

காலி நாற்காலியில் கிடந்ததை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மற்ற நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரைப் பார்த்தார். கிடங்கு முழுவதும் யாருக்காக எழுந்து நிற்குமோ, அந்த மனிதர் எழுந்து நின்றார். தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததை அவள் உருவி எடுக்கும்வரை, ஓரடி தள்ளி, செல்போனை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

இதற்கு அண்ணன் எவ்வளவு குதித்தான் என்று எழுதத் தேவையில்லை. வாழ்க்கையையே கெடுத்துவிட்டாள் என்றான். அம்மா அவன் பக்கம். சித்தி போன் போட்டு, குடும்ப மானம் போனதாக இவளிடம் சொன்னார். சம்பந்திக்கு ஸ்வெட்டர் போனபோது மானம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. அடுத்த மாதம் அந்தக் காலியிடத்தில் அண்ணனையே போட்டார்கள். கிடங்கில் அவனை விட்டால் ஆளில்லையாம். வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தபோது இவள் மட்டும், "அப்ப அதை வெட்டினது எதுக்கு?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் அதில்தான். அவளுடைய உழைப்பை ஒன்றுக்கும் உதவாத காரியத்துக்கு வெட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டதை அவள் பிடிவாதம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு துண்டுகளோடும் என் அறைக்கு வந்தாள். நான் வாடகைக்கு இருக்கும் அறை அது, ஒரு கட்டில், ஒரு மேசை, உள்ளிருந்து பூட்டும் கதவு. தரையில் உட்கார்ந்து கறுப்புத் தையலைக் கத்தரியால் ஒவ்வொன்றாக எடுத்தாள். அறுபட்ட நூல் துணுக்குகளைப் பிடுங்கிப் போட்டாள். நல்லவேளையாக வரிசையை ஒட்டியே வெட்டியிருந்தார்கள். போனது ஒரே ஒரு வரிசை. அதற்குப் பதில் புதிதாக ஒன்று போட்டு இரண்டு பக்கத்தையும் கோக்கலாம் என்றாள். பையிலிருந்து அவள் எடுத்த நூல் சிவப்பு.

"கடைக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? எழுநூத்துப் பதினாறு கேட்டு இன்னைக்கும் ரெண்டு பேர் வந்தாங்களாம். பேசாம அப்படி ஒண்ணு வரவழைச்சுடலாமான்னு பாக்கிறாராம்."

"நீலமே கிடைக்கலையா? அதே நீலத்துல போட்டா ஒட்டினதே தெரியாதே," என்றேன்.

"தெரியணும்."

சொல்லிவிட்டு ஊசியை எடுத்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன், அது ஆறிப்போனது. அவள் கை இறுக்கியதில் அலுமினிய ஊசி லேசாக வளைந்துவிட்டது. இடுப்பில் கச்சை கட்டியதுபோல, போர்வையின் மற்ற எல்லா இடத்தையும்விட ஒடுங்கி, அந்தச் சிவப்பு வரிசை நடுவில் ஓடியது. முடித்ததும் நூலை அறுத்து, நுனியை உள்ளே ஒளித்து, உதறிப் பார்த்தாள். பிறகு என் கட்டில் மேல் விரித்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போகலையா?"

"எங்க வீட்டுக்கா? மறுபடி யாருக்காவது குடிபோற வீடு இருக்கும்." செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "இங்க இருக்கட்டும். எனக்குன்னு ஒரு அறை கிடைக்கிற அன்னைக்கு வந்து எடுத்துக்கிறேன். மடிச்சு வெச்சுடாதே, நீ போத்திக்கோ. ஆனா ஒண்ணு. யாராவது வந்து பாத்துட்டு நல்லாயிருக்குன்னு சொன்னா, உன் வழக்கம்போலச் சிரிச்சுட்டுப் பேசாம இருந்துடாதே. இது அவளோடது, வெச்சிருக்கக் கொடுத்திருக்கா, வந்து கேட்டாத் திருப்பிக் கொடுக்கணும்னு சொல்லு. ரெண்டு பாஷை படிச்சவதானே நீ. ரெண்டுலயும் சொல்லு."