விளக்கு நூராத கிணறு

நேற்று எங்கள் ஒழுங்கைக்கு டெங்கு நுளம்பைக் கொல்லப் புகை அடிக்க வந்தார்கள். மருமகள் ஓடி ஓடிச் சன்னல்களைச் சாத்துகிறாள். நானோ வாசலில் நின்று அந்த மண்ணெண்ணெய்ப் புகையை மூக்கு முட்ட இழுத்துக்கொண்டிருக்கிறேன். "மாமா, உங்களுக்கென்ன விசரே?" என்றாள். விசர்தான். அந்த மணம் பட்டால் எனக்கு மறுபடியும் இருபத்திரண்டு வயதாகிவிடுகிறது.

அறுபதுகளில் நான் வவுனியாவில் ஒரு கடையில் வேலை பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஓடித் தண்ணீர் இறைக்கும் மிசின்களை வாடகைக்கு விடுகிற கடை. மிசின் போகிற இடமெல்லாம் அதை இயக்க நானும் கூடப் போவேன். ஆறு மாதம் பழகிய வேலைக்கு ஆறு வருட நடப்பு! சட்டையில் எண்ணெய்க் கறை போதாதென்று நானே கொஞ்சம் பூசிக்கொண்ட நாளும் உண்டு. சிரிக்காதீர்கள், அந்த வயது அப்படி.

கண்டாவளைப் பக்கம் சின்னத்தம்பி அண்ணையும் அவர் தம்பி இராசுவும் கிணறு வெட்டினார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்தவர்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் ஊருக்கெல்லாம் கிணறு வெட்டிக் கொடுப்பார்கள். பாறைக்கு வெடி வைத்தால் உடனே இறங்கமாட்டார்கள். கயிற்றில் வேப்பங்குழையைக் கட்டி மேலும் கீழுமாக ஆட்டி உள்ளே நிற்கும் காற்றைக் கலைப்பார்கள். பிறகு வாளிக்குள் போத்தல் விளக்கை வைத்து இறக்குவார்கள். விளக்கு நூர்ந்தால் ஒருவரும் இறங்கக்கூடாது. எரிந்தால் இறங்கலாம். அண்ணை இதில் இம்மியும் விடமாட்டார்.

நான் மிசினோடு போன கிணற்றில் ஊற்றுக் கண்டுவிட்டது. தண்ணீரை இறைத்தால்தான் மேலும் வெட்டலாம். ஆழம் கூடியதால் மேலிருந்து மிசின் இழுக்கவில்லை. உள்ளே குறுக்கே பலகை போட்டு அதன்மேல் மிசினை இறக்கினோம். என் யோசனைதான். "அடைச்ச இடத்தில ஓட்டாதை, புகை ஆளை விழுத்தும்" என்று முதலாளி முதல் நாளே சொல்லியிருந்தார். அடைத்த இடம் என்றால் கூரையுள்ள அறை என்று நான் நினைத்தேன். கிணற்றுக்கு ஏது கூரை? அண்ணாந்து பார்த்தால் வானம் தெரிகிறதே! முதலாளி சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

மத்தியானம் மிசின் நின்றுவிட்டது. நான் அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தேன். இறங்க வேண்டியவன் நான். இராசு எழும்பி, "நீர் சாப்பிடும், நான் போய் மிசின் கயித்தை இழுத்து ஓடவிட்டிட்டு வாறன்" என்றான். அன்று வெடி வைக்கவில்லை, அதனால் குழை ஆட்டவில்லை. இருந்தும் அண்ணை விளக்கை இறக்கிப் பார்த்தார். வடிவாக எரிந்தது.

இராசு இறங்கினான். மிசின் சத்தம் கேட்கவில்லை. கூப்பிட்டோம். பதில் இல்லை. அண்ணை குதிக்கப் போனார். நானும் பக்கத்து வயற்காரர் மூன்று பேரும் அவரை நிலத்தில் போட்டு அமத்திப் பிடித்தோம். "விடுங்கோடா, என்ரை தம்பியடா!" என்று அவர் கத்தியதை எப்படிச் சொல்ல? குழை ஆட்டி, தண்ணீர் ஊற்றி, வெகுநேரம் கழித்து ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி இறங்கினார். இராசு மிசினில் சாய்ந்தபடி கிடந்தானாம். கலியாணம் பேசி வைத்திருந்த பெடியன்.

செத்த வீட்டில் அண்ணை என் கையைப் பிடித்தார். "தம்பி, விளக்கு எரிஞ்சதெல்லோ? நீயும் பாத்தனிதானே?"

"ஓம் அண்ணை."

"அப்ப நான் எங்கை பிழைவிட்டனான்?"

கையை விடுவித்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டேன். மிசின் புகை ஆளைக் கொல்லும், ஆனால் அதற்கு விளக்கு நூராது என்று பல மாதம் கழித்து ஒரு டாக்குத்தர் விளங்கப்படுத்தினார். அன்றைக்கே பஸ் ஏறிப்போய் அண்ணையிடம் சொல்லியிருக்கலாம். பயம். போனால் முதலாளி சொன்னதையும் சொல்ல வேண்டுமே! அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தள்ளினேன். பிறகு சண்டை வந்தது, பாதை பூட்டினார்கள், அது எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று.

சண்டையெல்லாம் முடிந்து சனம் திரும்பிக் குடியேறிய பிறகுதான் போனேன். கிணறு தூர்ந்து பற்றை மூடிக் கிடந்தது. இப்போது லொறியில் வந்து துளைத்துக் குழாயை இறக்கிவிட்டுப் போகிறார்கள். கிணற்றுக்குள் ஆள் இறங்கத் தேவையில்லை. வெட்டுகிற ஆட்களும் அங்கே இல்லை. அண்ணை செட்டிகுளம் அகதி முகாமிலேயே செத்துப்போனார் என்று அவர் மகள் சொன்னா. "அதுக்குப் பிறகு அப்பு கிணறு வெட்டப் போகேல்லை ஐயா. விளக்கைச் சரியாப் பாக்காமல் சித்தப்பாவைக் கொன்றுபோட்டன் எண்டு கடைசிமட்டும் சொல்லி அழுதவர்."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வாய் விட்டு அழுதேன். ஏசட்டும் என்று காத்திருந்தேன். அவா ஏசவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டா:

"இதை அப்பு இருக்கேக்க வந்து சொல்லியிருக்கலாமே, ஐயா?"