சித்தியின் பெட்டிக்கு நாலாவது ஆள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ரோஸ்லின் சித்தியின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வழக்கமான அழைப்புதான் என்று எண்ணி, "இன்னும் போடல சித்தி, போடப்போறேன், கத்தாதீங்க!" என்றேன். மறுமுனையில் அம்மா அழுதார்.

"மக்கா, சித்தி போயிட்டா. நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. தண்ணி எடுத்துட்டு வாரதுக்குள்ள..."

சித்தியின் சவப்பெட்டியை நான் தூக்க வேண்டும். அழுகைக்கும் முன்னால் எனக்குத் தோன்றியது அதுதான். அது எங்களுக்குள் இருந்த பேச்சு.

அம்மாவின் தங்கை அவர். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. அவர் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை! எஸ்டேட் பஸ் வளைவு திரும்பும் முன்பே உள்ளிருக்கும் சித்தியின் சிரிப்பு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அப்படிப்பட்டவரைப் பற்றி மூக்கைச் சிந்திக்கொண்டு எழுத என்னால் ஆகாது.

எனக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா. ரத்தம் எளிதில் உறையாது. அடிபடாமலேயே மூட்டுக்குள் கசியும், கசியக் கசிய மூட்டு கெட்டுப்போகும். அதைத் தடுக்க, ஒன்று விட்டு ஒரு நாள் ஃபேக்டர் என்னும் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். அம்மாவுக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். அரசு மருத்துவமனை நர்ஸிடம் கற்றுக்கொண்டு வந்தவர் சித்திதான். ரப்பர் மரத்தின் உள்தடியில் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவும் கை அது. என் நரம்பை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை!

நாள் மறக்காமலிருக்க ஒரு வழியும் கண்டுபிடித்தார். தோட்டத்தில் மேல்காட்டுப் பகுதி மரங்களுக்கும் ஒன்று விட்டு ஒரு நாள்தான் வெட்டு. "மேல்காட்டுல வெட்டுன்னா உனக்கு ஊசி, கேட்டியா?" என்றார். என்ன அருமையான ஏற்பாடு! ஐப்பசி மழை வரும்வரை. கொட்டும் மழையில் பால் வெட்ட மாட்டார்கள். ஒன்பது நாள் விடாமல் கொட்டியது. மேல்காட்டில் வெட்டு இல்லை, எனக்கும் ஊசி இல்லை. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை! பத்தாம் நாள் என் வலது முழங்கால் முட்டு வீங்கி, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் போயிற்று.

சித்தி தலையில் அடித்துக்கொண்டார். "மழைக்கு வெட்டு நிக்கும். உனக்க ரத்தத்துக்கு மழை தெரியுமா? எனக்க புத்தி எங்க போச்சு!" தப்பு தன்னுடையதுதான் என்று டாக்டரிடம் சொன்னார், அம்மாவிடம் சொன்னார், பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னார். அன்றே எங்கள் தேவாலயச் சபைக் காலண்டரில் ஊசி நாள்களுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டார்.

பதினேழு வயதில் எனக்குக் கொழுப்பு ஏறியது. கால்தான் நன்றாக இருக்கிறதே, பிறகு எதற்கு ஊசி? வட்டமிட்ட நாளில் வீட்டைவிட்டு நழுவத் தொடங்கினேன். மூன்றாம் தடவை சித்தி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எலேய், வீங்காம இருக்கதே ஊசி போடதுனாலதாம்ல! பாத்துக்கோ, நான் கனத்த ஆளு. எனக்குப் பிள்ளையும் கெடையாது. எனக்க பெட்டிய தூக்குகதுல நாலாவது ஆளு நீ. உனக்க முட்டு மடங்கிச்சுன்னா, பெட்டி சரிஞ்சு நான் ஓடைக்குள்ளல்லா கெடப்பேன்!"

சிரிப்பை அடக்க முடியாமல் கையை நீட்டிவிட்டேன்.

நானே போட்டுக்கொள்ளப் பழகி, நாகர்கோவிலுக்கு வேலைக்கு வந்த பிறகும் ஊசி நாள் காலை ஏழுக்கு அழைப்பு வரும். நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது. "ஊசியாச்சா?" அவ்வளவுதான்.

அந்தச் செவ்வாயன்று கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பூதப்பாண்டி வந்ததும்தான் நினைவு வந்தது: ஊசி போடவில்லை! அங்கேயே இறங்கி, எதிர்ப் பஸ் பிடித்து அறைக்குத் திரும்பினேன். முதல் குத்து தவறியது. இரண்டாவதில் போட்டு முடித்துவிட்டுக் கிளம்பினேன்.

"செத்த வீட்டுக்கு வர இம்புட்டு நேரமா?" என்றார் என் தாய்மாமா. அம்மா என் கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். பெட்டியைத் தூக்கும் நேரம் வந்தபோது அதே மாமா, "நீ தூக்காண்டாம் மக்கா, உனக்க முட்டு..." என்று தடுத்தார்.

"அது எனக்க இடமாக்கும்" என்று தோள் கொடுத்தேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு இறக்கம், தூறல் வேறு. சித்தி பொய் சொல்லவில்லை, நல்ல கனம்! ஓடையைத் தாண்டும்போது அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பக்கத்தில் தூக்கியவர் என்னை முறைத்தார்.

போய் வாருங்கள் சித்தி. ஊசியாச்சு. பெட்டி சரியவில்லை.