பன்னிரண்டு பல், அறுபது பல்

பேசாலையில் எஞ்சின் மில்ரன் என்றால் சின்னப்பிள்ளையும் வீட்டைக் காட்டும். வள்ளத்து எஞ்சின் கெட்டுப்போனால் அவனிடம்தான் கொண்டு வருவார்கள். வருகிறவர்கள் முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டுத்தான் வாய் திறப்பார்கள். இரண்டு காலும் தொடையோடு போன மனுசனுக்கு முன்னால் நின்றுகொண்டு கதைக்க எவருக்கும் ஒரு மாதிரித்தான் இருக்கும்.

கடைசிச் சண்டையில் விழுந்த செல் குண்டு கொண்டுபோன கால்கள் அவை. அதற்குப் பிறகு பதினாறு வருசமாக அவனுடைய கால் என்றால் பெண்சாதி றஞ்சிதம்தான். கோயிலோ, கடற்கரையோ, அரசாங்கக் கந்தோரோ, வீல்செயாரைப் பின்னால் நின்று தள்ளியது அவள். அந்த மனுசிக்குத்தான் புற்றுநோய் வந்தது. கடவுளுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை! கொழும்பில் பார்த்த டொக்டர் கதையை வளர்க்காமல், வீட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வந்த அன்றைக்கே அவள் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்ர பெட்டிக்குப் பின்னால நீங்கள் எப்பிடி வருவியள்?"

"விசர்க்கதை கதையாதை."

"விசர்க்கதையில்லை. மாமாவின்ர செத்தவீட்டை நினைச்சுப் பாருங்கோ."

அதை மறந்தால்தானே நினைக்க. தார் ரோட்டு சேமக்காலை வாசலோடு முடிந்துவிடும். உள்ளே கல்லறைகளுக்கு நடுவில் முழுக்கப் புதைமணல், வீல்செயார் ஒரு முழம்கூட ஓடாது. மில்ரனின் அப்பா செத்தபோது நாலு பேர் அவனைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். சனம் பெட்டியை விட்டுவிட்டு அவனைப் பார்த்தது. "இண்டைக்கு ரெண்டு பெட்டி போகுதடா" என்று குடிவெறியில் நின்ற ஒருவன் சொன்னது அவன் காதிலும் விழுந்தது, றஞ்சிதத்தின் காதிலும் விழுந்தது. அந்த ஊர் வழக்கத்தில் பெண்சாதியின் பெட்டிக்குப் பின்னால் முதல் ஆளாகப் போகிறவன் புருசன். முதல் பிடி மண்ணும் அவனுடையது.

"உங்களை ஒருத்தரும் தூக்கக்கூடாது. நீங்களா வாங்கோ," என்றாள் றஞ்சிதம்.

அப்படித் தொடங்கிய வேலை அது. வெளிநாட்டுப் பொடியன்கள் வீட்டிலேயே செய்த மின்சார ஸ்கேற்போட்டில் ஏறிப் பறக்கிறதை அவன் யூரியூப்பில் பார்த்து வைத்திருந்தான். கால் உள்ளவனுக்கே அது உதவுமென்றால் கால் இல்லாதவனுக்கு உதவாதா? ஒரு பலகை, அதன்மேல் மெத்தை, நாலு காற்றடித்த ரயர், கையில் ஒரு றிமோட். பற்றறியையும் மோட்டரையும் உடைந்த மின்சார ஸ்கூட்டர் ஒன்றிலிருந்து றெனால்ட் கழற்றிக் கொண்டுவந்தான். றெனால்ட் என்றால் றஞ்சிதத்தின் தம்பி.

முதலில் பூட்டியது சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் மோட்டர். தார் ரோட்டில் ராசா மாதிரி ஓடியது. மணலில் ஏறியதும் முனகியது, சூடாகியது, நின்றுவிட்டது. பிறகு மோட்டரை வெளியில் வைத்து மோட்டார் சைக்கிள் செயின் போட்டுப் பார்த்தான். இழுவை இருந்தது, சத்தமும் இருந்தது. கட்டிலில் படுத்திருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"செபமாலை சொல்லேக்க இந்தக் கடகடாவோடயோ வரப்போறியள்? செத்த நான் எழும்பி வந்திடுவன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

பிறகுதான் பல்லு வைத்த றப்பர் பெல்ற். அது கொழும்பிலிருந்து வந்து சேர மூன்று கிழமை ஆனது, வந்ததும் ஒன்றே ஒன்றுதான். மோட்டரில் பதினாறு பல், சக்கரத்தில் முப்பத்தாறு பல் என்று பல்லுச் சில்லுகளைப் பூட்டினால் நாய் துரத்தினாலும் பிடிக்காத வேகம். மணலில் மட்டும் மூச்சு விடாது. மோட்டர்ப் பக்கத்துப் பல்லைக் குறைத்து, சக்கரத்துப் பல்லைக் கூட்டிக் கூட்டிப் போனான். வேகம் குறையக் குறைய இழுவை ஏறியது. எந்த இடத்தில் நிறுத்துவது என்று சொன்னவள் றஞ்சிதம்.

"பெட்டி தூக்கிறவை ஓடமாட்டினம். ஒரு கரண்டுக் கம்பத்திலயிருந்து மற்றக் கம்பத்துக்கு ஆறு அருள்நிறைந்த மரியே சொல்லுற நேரம். அவ்வளவுதான் வேகம்."

அவள் யன்னலடியில் இருந்து செபம் சொன்னாள், அவன் ரோட்டில் பலகையை ஓட்டிப்பார்த்தான். பன்னிரண்டு பல்லுக்கு அறுபது பல் என்று வைத்தபோது ஆறாவது மரியே முடிய மற்றக் கம்பம் வந்தது. பெண்சாதியின் செத்தவீட்டுக்கு அவளையே வைத்துக் கணக்குப் பார்த்த பாவி உலகத்தில் வேறு எவன்! மணலிலும் சத்தமில்லாமல் ஏறியது. அன்றிரவு இரண்டு பேரும் கொஞ்சம் சோறு சாப்பிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை பின்னேரம் அவன் கிணற்றடியில் குளித்துவிட்டு உள்ளே வந்தான். சுவரைப் பிடிக்காமல் எழும்ப முடியாதவள் நிலத்தில் பலகையடியில் இருந்தாள். பக்கத்தில் கிறீஸ் பேணி. பெல்ற், பல்லு, எல்லாம் கிறீஸ். அந்தக் கரையில் இரும்புச் சாமான் எது வீட்டுக்குள் வந்தாலும் முதல் வேலை கிறீஸ் பூசுவதுதான். கதவுப் பிணைச்சலும் தையல் மெசினும் தப்பாது. ஆனால் பல்லு பெல்ற் காய்ந்திருந்தால்தான் பிடிக்கும். கிறீஸ் பட்டால் வழுக்கும், மணலும் ஒட்டும்.

"என்னடி செய்தனீ! பெல்றுக்கு ஆரும் கிறீஸ் பூசுவாங்களே? மூளை கழண்டு போச்சோ உனக்கு?"

அவள் தன் கையைப் பார்த்தாள்.

"உப்புக்காத்து... துருப்பிடிச்சு இடைவழியில நிண்டிடுமெண்டு..."

அவன் பேணியைப் பறித்து முற்றத்தில் எறிந்தான். பெல்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான். எஞ்சின் வேலைக்காரனுக்கு எந்த அழுக்குக்கும் மண்ணெண்ணெய்தான் மருந்து. றஞ்சிதம் தவழ்ந்து போய்க் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கைகொடுத்து ஏற்றிவிடக்கூட அவன் போகவில்லை. கோபம் ஆறட்டும், விடியக் கதைப்போம் என்று இருந்துவிட்டான்.

விடிய, கோயில் முதல் மணி அடிக்குமுன் அவள் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை அடக்கம். அன்று காலையில்தான் பெல்றை மண்ணெண்ணெயிலிருந்து எடுத்து அவசரத்தில் துடைத்துப் பூட்டியிருந்தான். கோயிலிலிருந்து சேமக்காலை வாசல்வரை பலகை ஒரு சத்தமும் இல்லாமல் பெட்டிக்குப் பின்னால் போனது. கம்பத்துக்குக் கம்பம் ஆறு மரியே, தப்பவில்லை. சனம் பெட்டியைத்தான் பார்த்தது.

வாசல் தாண்டி மணலில் பத்தடி போயிருக்கும். மோட்டர் சுற்றியது, சக்கரம் நின்றது. குனிந்து பார்த்தான். பெல்றின் பல்லெல்லாம் தேத்தண்ணியில் விழுந்த பாண் துண்டு மாதிரி ஊதிக் கழன்று வந்தன. மண்ணெண்ணெய் மணத்தது. றப்பரைத் தின்றது கிறீஸ் இல்லை. அவள் பூசியதைத் துடைத்து எடுத்திருந்தாலே போதும். ஊறப்போட்டுக் கெடுத்தது அவன் கை. அந்தக் கிறீஸுக்காகவா அவளை அப்படி ஏசினான்?

றெனால்ட் ஓடிவந்து குனிந்தான்.

"அத்தான், கழுத்தைப் பிடியுங்கோ, தூக்கிறன்."

"தொடாதை!"

மில்ரன் பலகையிலிருந்து மணலில் இறங்கினான். கையை ஊன்றி, உடம்பை இழுத்து, திரும்பக் கையை ஊன்றினான். மத்தியான மணல் கொதித்தது. அடக்கப் பாட்டு நின்றது. பெட்டியைக் குழியடியில் இறக்கி வைத்துவிட்டுத் தூக்கியவர்களும் சுவாமியாரும் முழுச்சனமும் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. எது நடக்கக்கூடாது என்று அவள் பயந்தாளோ அதுதான் நடந்தது.

அவன் குழியடிக்கு வந்ததும் பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். மண் அள்ள அவன் குனியத் தேவையிருக்கவில்லை, இரண்டு கையிலும் மணல் இருந்தது.

"றஞ்சி, ஏசினதை மனசில வச்சுக்கொண்டு போகாதையடி," என்று சொல்லி அந்த மண்ணைப் போட்டான்.

மற்றவர்களும் போட்டு முடிந்ததும் குழியை மூடினார்கள், சனம் கலைந்தது. கிட்ட வரப் பயந்து றெனால்ட் எட்ட நின்றான். மில்ரன் அவனைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கினான்.

"வா மச்சான், தூக்கு," என்றான். "இனி என்னை ஆர் தூக்கினாலென்ன."