வரியில்லாச் சம்பளம்

மெசினை விற்ற நாளிலிருந்து எனக்குக் கை கால் சும்மா இருக்கவில்லை. மெசின் என்றால் எங்கள் பக்கத்தில் உழவு மெசின்தான். வாவியைக் கடந்து படுவான்கரை வட்டைகளில் கூலிக்கு வயல் உழுது கொடுப்பேன். வெட்டு முடிந்தால் நெல்மூட்டை ஏற்றுவேன். அந்தக் கரையில் இயக்கத்துப் பொடியன்கள் என் உழைப்பில் ஒரு பங்கை வரியென்று எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கரைக்கு வந்தால் வருமான வரிக் கந்தோர் கணக்குக் கேட்கும். இரண்டு பக்கமும் கட்டி, டீசலும் அடித்தால் மிஞ்சுவது உடம்பு நோவுதான்.

கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிந்து வந்தவள் என் மனைவி.

“அரசாங்கச் சம்பளத்துக்கு வரி இல்லயாம். முழுசாக் கைக்கு வரும். இனியாவது நிம்மதியா இருப்பமே” என்றாள்.

வரி மட்டும் அவளுக்குப் பிரச்சினை இல்லை. ஆமிக் காவல் சென்ரிகளைத் தாண்டி நான் வீடு திரும்பும்வரை அவள் சோற்றில் கை வைக்க மாட்டாள். அதற்குமேல் என்ன வாதாடுவது? படுவான்கரையில் இருந்த அவளுடைய அண்ணனுக்கே மெசினை விற்றேன்.

கச்சேரியில் எனக்கு ஒரு கதிரை கிடைத்தது. அதில் பத்து நிமிடம் இருக்க முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன், ஜன்னலால் எட்டிப் பார்ப்பேன், திரும்பி வந்து இருப்பேன். மேசைக்குக் கீழே கால் தன்பாட்டில் ஆடும்.

“தம்பி, பிரேக்கப் போடுங்க, மேச நகருது” என்பார் பக்கத்து மேசைக்காரர்.

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரி கட்டிய காலத்திலும் நாள் முழுக்க வைதுகொண்டுதான் திரிந்தேன். ஆனால் படுத்தால் தூக்கம் வந்தது. இப்போது முழுச் சம்பளம், அரைத் தூக்கம்.

உழவுக் காலத்தில் மச்சானின் பிள்ளைக்குக் காது குத்து வந்தது. நானும் மனைவியும், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்தோம். இறங்குதுறையில் வரிக்கு நின்ற இயக்கக்காரர் புதியவர். உழைக்கப் போகிறவர்களிடம் அறவிடுவார்கள். அரசாங்க உத்தியோகத்தர் என்றால் அப்போதெல்லாம் விட்டுவிடுவார்கள். கச்சேரி அடையாள அட்டை என் சட்டைப் பையிலேயே இருந்தது.

“என்ன தொழில்?” என்று கேட்டார்.

“உழவு மெசின் ஓட்டுறன்.”

“மெசின் எங்க?”

“வட்டைக்குள்ள நிக்குது.”

எப்படி அந்தச் சொல் வந்ததென்று தெரியாது. சொன்ன நேரத்தில் அது பொய்யென்றுகூடத் தோன்றவில்லை. நெஞ்சுக்குள் அப்படி ஒரு சந்தோசம். அவர் தொகையைச் சொன்ன பிறகுதான் பக்கத்தில் மனைவி நிற்பது நினைவுக்கு வந்தது. வெட்கத்தில் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இவர் கச்சேரியில் வேலை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காசும் மிஞ்சும், என் மானமும் போகும்.

அவள் சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து என் வரியை அவளே கட்டினாள்.