இரண்டு கறவைக்கு நடுவே ஒரு கடல்

1. கவுண்டரில் நடந்த சண்டை

அந்தமானா, பாண்டிச்சேரியா என்று ஓர் அம்மாவும் மகளும் என் கவுண்டருக்கு முன்னால் நின்று போட்ட சண்டையில், திருப்பதி வேனுக்கு சீட் கேட்க வந்தவர் பயந்துபோய் வெளியே நின்றுகொண்டார். திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பல வருஷமாக டிராவல்ஸ் ஆபீஸ் நடத்துகிறேன். ஜன்னல் சீட்டுச் சண்டை, ஏசி வரவில்லை என்கிற சண்டை, மாமியார் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிற சண்டை எல்லாம் பார்த்தாயிற்று. எந்தக் கடலுக்கு அடியில் போவது என்று யாரும் சண்டை போட்டதில்லை.

அம்மா பேர் லூர்து. செஞ்சி ரோட்டில் ஒரு கிராமம். கூலி வேலை, வீட்டில் ஒரு கறவை மாடு. வருஷா வருஷம் என் வேனில்தான் வேளாங்கண்ணிக்கு வருவாள். மகள் ஜெனிபர் சென்னையில் நர்ஸ். அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, விசாவும் கைக்கு வந்துவிட்டது. மாசக் கடைசியில் பிளைட். அதற்குள் அம்மாவை ஸ்கூபா டைவிங் கூட்டிப்போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கறது அந்தமான்லதான? மூணு நாள் போதும். இது வரமாட்டேங்குது."

"மூணு நாளு எவடி பால் கறப்பா?" என்றாள் லூர்து. "உங்கப்பன் கிட்டப் போனாலே அது உதைக்குது. பக்கத்து வூட்டு கலா குந்தினா பால அடக்கிக்குது. நீ பாட்டுக்கு பிளேன்ல ஏறுன்றியே!"

"ஒரு மாட்டுக்காகவாம்மா?"

"அந்த மாடுதாண்டி உன்ன நர்ஸ் ஆக்குச்சி."

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "ரெண்டு பேரும் மொதல்ல உக்காருங்க. இது ஆபீஸா, மாட்டுச் சந்தையா?" என்று அதட்டினேன். பிறகு லூர்துவைப் பார்த்து, "உனக்கு எதுக்குடி இந்த வயசுல ஸ்கூபா? டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"நெஞ்சு, காது எல்லாம் நல்லா கீதுன்னுட்டாருக்கா," என்றவள் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள். "எங்கூரு கேணி ஒண்ணு விடாம நான் முங்கியிருக்கேன். கொடம் வுழுந்தா, செயின் வுழுந்தா, கயிறு அறுந்து மோட்டாரு வுழுந்தா, 'கூப்புடு லூர்த'ம்பாங்க. ஆனா உள்ள போனா ஒண்ணும் தெரியாது. மேல பாசித் தண்ணி, கீழ கும்மிருட்டு. கண்ண மூடிக்கினு கையால தடவித்தான் எடுப்பேன். இத்தினி வருஷமா தண்ணிக்குள்ள போய் வந்துக்கினு இருக்கேன், உள்ள எப்டி இருக்கும்னு பாத்ததே இல்ல. ஒரே ஒரு தபா கண்ணத் தொறந்து பாக்கணும்க்கா."

ஜெனிபர் மெதுவாகச் சொன்னாள். "அதுக்குத்தான்க்கா அந்தமான். பாண்டியில அன்னிக்குன்னு பாத்து தண்ணி கலங்கியிருந்தா? அம்மாவுக்கு அதுவும் கேணியாட்டம்தான் இருக்கும். நான் போயிட்டா அப்பறம் யாரு கூட்டிக்கினு போவா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். டிராவல்ஸ் தொழிலில் இதுதான் பெரிய பேஜாரு. ஒருத்தர் மடத்தனமாகப் பேசினால் திட்டி அனுப்பிவிடலாம்.

2. ஆழம் கேட்கும் முன் கேட்க வேண்டியது

ஸ்கூபா புக்கிங் எடுக்க ஆரம்பித்தபோது எனக்கு இதில் ஒரு மண்ணும் தெரியாது. பாண்டி ரோடு நம்ம ஊரில்தான் பிரிகிறது. சென்னைப் பிள்ளைகள் டீ குடிக்க நிறுத்தும்போது, "அக்கா, டைவிங்குக்கு எது பெஸ்ட்?" என்று கேட்பார்கள். எல்லாரும் மொபைலில் படித்துவிட்டு வந்து, விசிபிலிட்டி, ஆழம், ஆமை தெரியுமா, சுறா தெரியுமா என்றே ஆரம்பிப்பார்கள். நான் அதையெல்லாம் கேட்கிறதில்லை. என் கேள்வி மூன்றுதான். பஸ்ஸில் போனால் வாந்தி வருமா? சளி பிடித்தால் காது அடைக்குமா? எப்போது வீட்டில் இருந்தாக வேண்டும்?

முதல் கேள்விக்குச் சிரிப்பார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் போட்டில் தலையை வெளியே நீட்டியபடியேதான் கரைக்கு வந்திருக்கிறார்கள். காது அடைக்கிறவரை டாக்டரிடம் காட்டாமல் நான் எங்கேயும் அனுப்புவதில்லை.

மூன்றாவது கேள்விதான் இடத்தை முடிவு பண்ணும். சென்னையை விட்டு நகர நேரமில்லை என்றால் கோவளம் பக்கம். ஆனால் அங்கே தண்ணீர் தெளிவாக அமைவது அவரவர் யோகம். ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் பாண்டிச்சேரி. ராத்திரி ரயில் ஏறத் தயாரென்றால் ராமேஸ்வரம் பக்கம் ஆழமில்லாத கடல், பவளப் பாறை. லீவும் தெம்பும் இருந்தால் அந்தமான். அதில் ஒரு சிக்கல் உண்டு. டைவ் அடித்தவர் அடுத்த ஒரு முழு நாளாவது பிளேன் ஏறக்கூடாது. இதை நோ ஃப்ளை டைம் என்பார்கள். உடம்புக்குள் சேர்ந்த காற்று அடங்க வேண்டும். ஜெனிபர் போட்ட மூன்று நாள் கணக்கில் அந்த நாள் இல்லை. பிளேனும், இறங்கி டைவிங் தீவுக்குப் போகிற கப்பலும் சேர்ந்தால் அது ஒரு வாரத்தில் போய் நிற்கும்.

"நர்ஸம்மா, மூணு நாள்ல டைவ் அடிச்ச சூட்டோட பிளேன் ஏத்தினா உங்கம்மாவ உன் ஆஸ்பத்திரியிலதான் சேக்கணும்," என்றேன். அவள் முகம் வாடிப்போயிற்று.

லூர்துவுக்கோ கணக்கு சுலபம். விடிகாலை கறந்துவிட்டுக் கிளம்பினால் சாயங்காலக் கறவைக்குத் திரும்பிவிட வேண்டும். அவள் உலகத்தில் தூரத்தை அளப்பதே அந்த இரண்டு கறவைதான். அதற்குள் அடங்கும் நல்ல கடல் ஒன்றுதான் உண்டு. பாண்டியிலேயே போகலாம், ஆனால் தண்ணீர் தெளியும் நாள் பார்த்துத்தான் போவோம் என்று சொன்னேன்.

"தெளியலன்னா?" என்று கேட்டாள் ஜெனிபர்.

"தெளியும், போ," என்றேன். கடல் என்ன என் மாமனார் வீடா, சொன்னால் கேட்க! ஆனாலும் அப்படித்தான் சொல்லி அனுப்பினேன்.

3. தம் கட்டினால் கடல் கிடையாது

டைவிங் மாஸ்டர் பஷீர் கோட்டக்குப்பத்துக்காரர். கல்ஃபில் கம்பெனி டைவராக இருந்துவிட்டு வந்தவர். பேச்சு இனிப்பாக இருக்கும், ஆனால் ரூல் என்றால் ரூல். கடலுக்கு முன்னால் எல்லாருக்கும் ஸ்விம்மிங் பூலில் ட்ரெயினிங் உண்டு. அதில் தேறாதவரை போட்டில் ஏற்ற மாட்டார்.

"நம்ம லூர்துக்கு எதுக்குங்க ட்ரெயினிங்கு? அவ கேணியிலயே பொறந்தவ," என்று கூடப் போயிருந்த நான்தான் பெருமை பேசினேன். லூர்துவும் தொட்டித் தண்ணியா என்று உதட்டைப் பிதுக்கினாள். உடம்பெல்லாம் மூடும் ரப்பர் வெட் சூட்டை மட்டும் அவளுக்குப் பிடித்துவிட்டது. "பொடவைய விட இது அடக்கமாத்தான்க்கா கீது!" என்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

முதுகில் காற்று டேங்கை மாட்டி, மூச்சு வாங்கும் ரெகுலேட்டரை வாயில் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். கல்லாட்டம் அடியில் உட்கார்ந்தாள். அடேயப்பா, என்ன நிதானம் என்று நான் வியந்துகொண்டிருக்கிறேன், பஷீர் அவளை மேலே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அம்மா, நீங்க மூச்சே வுடல. ஒரு பபுள் கூட வரல."

"ஆமா சார், தம் கட்டிக்கினு இருந்தேன். இன்னும் ரொம்ப நேரம் இருப்பேன்," என்றாள் பெருமையாக.

"அதாம்மா கூடாது! கேணியில தம் கட்டலாம். டேங்க் மாட்டிக்கினு தம் கட்டினா, மேல வரச்சொல்ல உள்ள இருக்கற காத்து பெருத்து நுரையீரலையே கிழிச்சிடும். இழுத்து வுட்டுக்கினே இருக்கணும்."

மறுபடி முயன்றாள். மறுபடியும் அதேதான். தலை தண்ணீருக்குள் போனதும் வாய் தானாக அடைத்துக்கொள்கிறது, கன்னம் உப்பிக்கொள்கிறது. நீச்சலே தெரியாமல் வந்த ஐடி பையன்கள் பக்கத்தில் முட்டை முட்டையாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தார்கள். கேணி கேணியாக முங்கினவளுக்கு ஒரு குமிழ் வரவில்லை. கிணற்றில் நீந்திப் பழகிய நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாருமே இந்த ஒரு தப்பைத்தான் பண்ணுகிறார்கள் என்று பஷீர் சொன்னார்.

"தண்ணிக்குள்ள மூச்சு வுட்டா செத்துப் பூடுவேன்னு எங்கப்பன் மண்டையில குட்டிக் குட்டிக் கத்துக் குடுத்தாரு சார். இப்ப போயி வுடுன்னா எப்டி வரும்?" என்றாள் லூர்து.

பஷீர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்டியே இருந்தா நான் கடலுக்குக் கூட்டிக்கினு போக மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். பஷீர் மேல் இல்லை, லூர்து மேல். ஆசைப்பட்டது இவள், அதை அடைத்து வைத்திருப்பதும் இவள் வாய்தான். ஸ்விம்மிங் பூல் ஓரத்துக்குப் போய் ஊர் கேட்கிற மாதிரி கத்தினேன். "அடியே, நீ அடுப்பே ஊதினதில்லயா? மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச தெனம் ஊதாங்குழல் வெச்சி ஊதுறல்ல? வாயில இருக்கறது ஊதாங்குழல்னு நெனச்சிக்கோ. அதாலயே இழு, அதாலயே ஊது. நிறுத்தினா அடுப்பு அவிஞ்சிடும், மாடு பட்டினி!"

ஐடி பையன்கள் சிரித்தார்கள். லூர்து சிரிக்கவில்லை. யோசித்தாள். ஜெனிபர் தானும் டேங்கோடு உள்ளே இறங்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு தலையும் உள்ளே போயின. முதலில் ஒன்றுமில்லை. பிறகு புஸ்ஸென்று ஒரு பெரிய குமிழ் வந்தது. அப்புறம் நிற்கவே இல்லை, பொங்கல் பொங்குகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. நான் கை தட்டிய சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

4. அடுப்பு ஊதிய கடல்

ட்ரெயினிங் முடிந்தது, கடல் முரண்டு பிடித்தது. பஷீருக்குத் தினமும் போன் போடுவேன். "கலங்கல்க்கா." மறுநாள், "காத்துக்கா." அதற்கு மறுநாளும் கலங்கல்தான். ஜெனிபர் ஒரு பக்கம் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். என்னை எதுவும் கேட்கமாட்டாள், ஆனால் சாயங்காலமானால் மட்டும், "என்னக்கா?" என்று ஒரு மெசேஜ் வரும். பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அந்தப் பெண் வாயில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜெனிபர் ஏர்போர்ட் போக இன்னும் சில நாள்தான் என்ற நிலையில் பஷீரே கூப்பிட்டார். "அக்கா, நாளைக்கு சுமாரா இருக்கும். கண்ணாடின்னு சொல்ல மாட்டேன். இதுக்கு மேல இந்த மாசம் நம்பிக்கை இல்ல. ஜல்தியா முடிவு பண்ணுங்க."

சுமாருக்கா இத்தனை பாடு என்று மனசு அடித்துக்கொண்டது. இருந்தாலும் வரச் சொன்னேன். லூர்து இருட்டோடு பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு, கையில் பால் வாசனையோடு என் காரில் ஏறினாள். பதற்றத்தில் நானும் போட்டில் ஏறிவிட்டேன். ஊரெல்லாம் பஸ்ஸில் வாந்தி வருமா என்று விசாரிக்கிற நான், பாண்டிக் கடலில் குடலே வெளியே வருகிற மாதிரி எடுத்தேன். "அக்கா, மொதல்ல உங்கள நீங்களே கேட்டிருக்கணும்," என்று லூர்து என் முதுகைத் தடவிவிட்டாள். அந்த நிலைமையிலும் அவளுக்கு நக்கல்!

பஷீர் ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஜெனிபர் இன்னொரு ஆளோடு பின்னாலேயே போனாள். நான் போட்டின் கம்பியைக் கட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தேன். குமிழ் விடாமல் வந்துகொண்டிருந்தது. அடுப்பு அவியவில்லை.

முதலில் மேலே வந்தது ஜெனிபர். மாஸ்க்கைக் கழற்றியவள் கண் கலங்கியிருந்தது. "கொஞ்ச தூரத்துக்கு மேல ஒண்ணும் தெரியலக்கா. ரெண்டு ஆள் படுத்தா எவ்ளோ நீளமோ அவ்ளோதான். மீனுங்க கிட்ட வந்தப்பதான் தெரிஞ்சுது. அந்தமானா இருந்திருந்தா…" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்து லூர்து ஏணியைப் பிடித்து ஏறினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் பல்லெல்லாம் தெரிந்தது. ஏறியவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"மஞ்சளும் கறுப்புமா மீனு கூட்டமா வந்துச்சிக்கா, பாறையப் பாத்தேன். அதெல்லாம் இருக்கட்டும். இவ சின்னப் புள்ளயா இருக்கச்சொல்ல இடுப்புல கேனக் கட்டி கேணியில தள்ளி நான்தான் நீச்சல் கத்துக் குடுத்தேன். எத்தினி தபா உள்ள முழுகிக்கினு போனவள முடியப் புடிச்சி இழுத்துக்கினு வந்திருக்கேன்! ஒரு தபா கூட உள்ள இவ மூஞ்சியப் பாத்ததில்ல. கைக்கு ஆப்புடுவாளோ மாட்டாளோன்னு ஒவ்வொரு தபாவும் உசிரு போயி உசிரு வரும். இன்னிக்குப் பாத்தேன்க்கா. கண்ணத் தொறந்துக்கினு எனக்கு நேரா நின்னுக்கினு இருக்கா, சிரிக்கிறா!"

ஜெனிபர் அம்மா தோளில் சாய்ந்துகொண்டாள். அந்தமான் பேச்சு அதோடு நின்றது. பஷீர் டேங்க் கழற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் மறுபடியும் வாந்தி எடுத்தேன், ஆனால் மனசு நிறைந்திருந்தது.

சாயங்காலக் கறவைக்கு லூர்து வீட்டில் இருந்தாள். உப்புத் தண்ணி வாசனைக்கு மாடு கொஞ்சம் மிரண்டுவிட்டு அப்புறம் பாலை விட்டது என்று ராத்திரி போனில் சொன்னாள். ஜெனிபர் அயர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டாள். தினமும் வீடியோ கால் வருகிறதாம். நெட் இழுத்து படம் கலங்கினால் லூர்து கோபப்படுவதில்லை. "பாண்டிக் கடலாட்டம் கீது, கிட்ட வாடி" என்கிறாளாம்.

டிராவல்ஸ் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். என் மூன்று கேள்வி இப்போது நான்காகியிருக்கிறது. சென்னைப் பிள்ளைகள் வந்து, "அக்கா, பாண்டியில எவ்ளோ தூரம் தெரியும்?" என்று கேட்டால், "கூட வர்றவங்க மூஞ்சி தெரியும், அது போதுமா?" என்று திருப்பிக் கேட்கிறேன். போதும் என்பவர்களை பஷீரிடம் அனுப்புகிறேன். போதாது என்பவர்களுக்கு முகம் சுளிக்காமல் அந்தமான் டிக்கெட் போட்டுத் தருகிறேன், அதுவும் நம்ம தொழில்தானே.